இந்தியாவுக்குப் போய்வந்தவரின் ஊர்

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்கள் எங்கே போவது என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ரெய்க்யாவிக்கில் தங்கி, 930-இல் முதல் நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிர், பீய்ச்சி அடிக்கும் கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். இன்னும் நாள் இருந்தால் தீவைச் சுற்றி வருகிற முதலாம் எண் நெடுஞ்சாலையில் காரை விடலாம். சுமார் 1,320 கிலோமீட்டர். தெற்கே பனியாறுகள் கரைந்து ஓடும் மணல்வெளியில் பாலங்களைக் கட்டி முடித்து, 1974-இல்தான் அந்த வளையத்தை மூடினார்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். தப்பில்லை, நல்ல இடங்கள்தான்.

பேரிகையிலிருந்து நாங்கள் போவது நான்கு பேர். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் இரண்டு நண்பர்கள், பாலி ஹவுஸில் ரோஜா போட்டிருக்கும் என் மச்சான், வரலாறு படித்துவிட்டு வேறு பிழைப்பு பார்க்கிற நான். ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது, பூ விலை இறங்கிவிடும், மச்சானால் அப்போதுதான் கிளம்ப முடியும். அங்கே அது கோடை, உள்நாட்டு மண்பாதைகள் திறந்திருக்கும் காலம். ஒன்பது நாள் விடுப்பு. மாலூர், ஹொசகோட்டை வழியாக தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர்வதிலிருந்து திரும்பி வருவது வரை எல்லாம் அதற்குள் அடங்கணும். விமானம், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு முறை போவோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயாராக இல்லை. அதனால் போகிற இடத்தைப் பற்றிச் சண்டை வந்தது.

நண்பர்களில் ஒருவர் லாகி என்றார். "1783-ல அங்க வெடிச்ச எரிமலையாலதான் இந்தியாவுல பஞ்சமே வந்துச்சாம். நம்ம தாத்தன் பூட்டன் பட்டினி கிடந்ததுக்குக் காரணம் அது. அதைப் போய்ப் பாக்க வேணாமா?"

இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சில்லை. 1783 ஜூன் 8 அன்று தெற்கு ஐஸ்லாந்தில் தரை பிளந்தது. நாம் படத்தில் பார்க்கும் கூம்பு மலை அல்ல அது. 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்த பிளவு, அதன்மேல் வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட வாய்கள். எட்டு மாதம், அடுத்த ஆண்டு பிப்ரவரி 7 வரை, கொதித்தது. குழம்பு பரவிய பரப்பு ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர். ஆனால் குழம்பால் செத்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். கந்தக வாயுவும் புல்லில் படிந்த ஃபுளூரினும்தான் கொன்றன. ஆடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போயிற்று, மாடுகளில் பாதி. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் தீவின் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார். ஐஸ்லாந்துக்காரர்கள் அந்தக் காலத்தை 'மூட்டத்தின் கொடுமை' என்ற பொருள் தரும் பெயரால் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மூட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியது. வடகோளத்தின் கோடை குளிர்ந்து, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பருவமழை பலவீனமானது, நைல் நதியில் வெள்ளம் குறைந்தது என்று பருவநிலை மாதிரிகளை வைத்து ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வட இந்தியாவில் விக்ரம ஆண்டு 1840-இல் வந்ததால் 'சாலிசா' என்று பெயர் பெற்ற பஞ்சமும் அதே 1783, 84-தான்.

ஆண்டு ஒத்துப்போவதால் கதை சுலபமாக முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் உறுத்தல். வடக்கே சாலிசாவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே மழை சரியில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்தவனை எரிமலை இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாம், அவ்வளவுதான். தெற்கே வந்தால் அதுவும் கிடையாது. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை எங்கள் பாராமகால் பக்கத்திலிருந்து செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சமவெளிக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, குடியானவர்கள் ஓடினார்கள். 1782-இல் மதராஸ் தெருக்களில் பசியால் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது லாகி இன்னும் பிளக்கவே இல்லை. அது போர் கொண்டுவந்த பஞ்சம். ஹைதர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், நடுவில் நெல் விளையும் நிலம். பேரிகை அப்போது மைசூர் அரசுக்குள் இருந்தது. பாராமகால் 1792-லும் ஓசூர்ச் சீமை 1799-க்குப் பிறகும்தான் கம்பெனி கைக்குப் போயின. நம் பூட்டன்களின் பசிக்கு ஆள் பெயர் தெரியும்போது அதை ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு பிளவின் தலையில் கட்டுவது, போர் செய்தவர்களுக்கு நாம் தருகிற மன்னிப்பாகப் போய்விடும்.

அதனால் லாகி வேண்டாம் என்றேன். தவிர அங்கே போகிற பாதையில் ஆற்றுக்குள் வண்டியை இறக்கணும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாடகைக்கு எடுக்கணும், அது தனிச் செலவு.

நான் சொன்ன இடம் ஆல்ஃப்டாஃப்யோர்துர். வடமேற்கு ஓரத்தில், மேற்கு ஃப்யோர்டுகள் என்று சொல்லப்படும், கைவிரல்களை விரித்த மாதிரிக் கடலுக்குள் நீளும் நிலத்தில் இருக்கிறது. பெயருக்கு அன்னக்குடா என்று அர்த்தம். அங்கே ஸ்வார்தாமர் என்ற பண்ணையில் 1593-இல் பிறந்தவர் யோன் ஓலாஃப்சன். ஐஸ்லாந்தில் அவருக்கு நிலைத்த பெயர் யோன் இந்தியாஃபரி, அதாவது இந்தியாவுக்குப் போய்வந்த யோன். நம் ஊர்களில் பர்மாக்காரர் வீடு, சிலோன்காரர் வீடு என்று சொல்வதில்லையா, அதே மாதிரி. அவர் போய்வந்த இந்தியா டெல்லியோ கோவாவோ அல்ல. தரங்கம்பாடி.

1615-இல், இருபத்தோரு வயதில், ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி ஊரைவிட்டுக் கிளம்பினார். எங்கே போவது என்று அவர் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை. கப்பல் போன இடத்துக்குப் போனார். இங்கிலாந்து வழியாக கோபன்ஹேகன் சேர்ந்து, டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனிடம் பீரங்கிச் சிப்பாயாகச் சேர்ந்தார். வட துருவத்தை ஒட்டிய கடல்கள் வரை போனார். 1622-இல் கிழக்கிந்தியக் கப்பலில் இடம் கிடைத்தது. 1623-இல் சோழமண்டலக் கரை.

அந்தக் கோட்டை கட்டப்பட்டு அப்போது சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. டேனியக் கம்பெனி தொடங்கியது 1616-இல். இலங்கைக் கனவோடு கப்பற்படைத் தலைவர் ஓவ கெட்டேவை அனுப்பினார்கள். வழியிலேயே நிறையப் பேர் இறந்து, கண்டி அரசரோடு பேச்சு முறிந்து, கடைசியில் 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஓர் ஒப்பந்தம். ஆண்டுக் கப்பம் கட்டி ஒரு மீனவர் ஊரில் கோட்டை எழுப்பிக்கொள்ள அனுமதி. டான்ஸ்போர்க் என்று பேர் வைத்தார்கள். தரங்கம்பாடி வரலாறு என்றால் நாம் படிப்பது இந்த நாயக்கர், இந்தத் தளபதி, அப்புறம் 1706-இல் வந்த சீகன்பால்கு, அவருடைய அச்சுக்கூடம். எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்களின் வரலாறு. கோட்டைச் சுவரில் இரவுக் காவல் நின்றவனின் வரலாறு யோன் எழுதியது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

அவர் கண்ணுக்குக் கோயிலும் சடங்கும் தெரிகிறது, நாயக்கரின் ஆட்சியைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வது காதில் விழுகிறது, கோட்டைக்குள் தன் சகாக்களின் சண்டையும் குடியும் தெரிகிறது. நம்மைப் புரிந்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து லூத்தரன் கிறிஸ்தவர், கோயிலைப் பார்த்தால் பேய் வழிபாடு என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு குடியானவ வீட்டுப் பையனின் பார்வை அது. பெரிய மனிதர் குறிப்பில் விட்டுப்போவது அதில் நிற்கிறது.

என்னை அவரிடம் இழுப்பது இன்னொன்று. 1602-இல் இதே நான்காம் கிறிஸ்டியன் ஐஸ்லாந்தின் மேல் வணிக ஏகபோகத்தைக் கொண்டுவந்தார். தீவுக்காரன் பிடித்த மீனையும் நெய்த கம்பளியையும் அரசர் உரிமம் கொடுத்த டேனிய வணிகரிடம் மட்டும்தான் விற்கலாம், அவர்கள் வைத்ததுதான் விலை. இது 1787 வரை நீடித்தது. ஆங்கிலேயனுக்கோ ஜெர்மானியனுக்கோ விற்றால் தண்டனை. அப்படி வாயைக் கட்டிப்போட்ட ஒரு தீவிலிருந்து வந்தவன், அதே அரசரின் சம்பளத்தில், இன்னொரு கரையில் ஏகபோகம் தேடிவந்த கம்பெனிக்காகப் பீரங்கி பக்கத்தில் நிற்கிறான். ஆளப்பட்டவன் கையில் ஆளுகிறவனின் தீக்குச்சி. கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஐஸ்லாந்தின் காய்ந்த மீனும் தமிழ்நாட்டுத் துணியும் ஒரே கரையில் இறங்கின. இரண்டும் எப்படி வருகின்றன என்று இரண்டு முனையிலும் நேரில் பார்த்தவர் அவர். அதைச் சேர்த்து யோசித்தாரா? புத்தகத்தில் அரசர் மேல் விசுவாசம்தான் இருக்கிறது. விசுவாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்கும் பிரான்சுக்கும் போன நம் ஆட்களும் அப்படித்தானே பேசினார்கள்.

1624-இல் வெடிமருந்து வெடித்து யோன் படுகாயம் அடைந்தார். கைகள் பழுதாயின. பீரங்கிக்காரனுக்குக் கை போனால் கோட்டையில் வேலை இல்லை, கப்பலேற்றி அனுப்பினார்கள். அயர்லாந்து வழியாக டென்மார்க், பிறகு சொந்த ஊர். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அன்னக்குடாவில், எய்ரார்தாலூர் என்ற பண்ணையில் குடியானவராக வாழ்ந்து 1679-இல் இறந்தார்.

தன் கதையை அவர் எழுதியது 1661-இல். இந்த ஆண்டை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். டேனியக் கம்பெனி 1650-இலேயே கலைந்துவிட்டது. 1640-க்கு முன்பின்னாக டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பலுக்குப் பிறகு 1669 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், தரங்கம்பாடிக்கு ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் மிஞ்சியிருந்த ஒரே டேனியர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. ஊர்க்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, கடலில் வங்காளக் கப்பல்களைப் பிடித்து, கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் மறந்துவிட்டது, கம்பெனி செத்துவிட்டது. அப்போது, குளிர்காலத்தில் வெளிச்சம் சரியாக வராத ஒரு கடலோரப் பண்ணையில், பழுதான கையோடு ஒரு கிழவர் தரங்கம்பாடியின் கோட்டையையும் கோயிலையும் எழுதிக்கொண்டிருந்தார். அந்த முப்பது வருடத்தில் ஐரோப்பாவில் நம் கரையை இத்தனை விவரமாக நினைத்துக்கொண்டிருந்த டேனிய அரசின் குடிமகன் அவராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

புத்தகம் அச்சேற இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை பண்ணைக்குப் பண்ணை கைப்பிரதியாகப் படியெடுத்துப் படித்தார்கள். குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அந்த நாட்டு வழக்கம். தமிழ்நாட்டின் கதை அப்படிக் கேட்கப்பட்டிருக்கும். சிக்ஃபுஸ் பிளந்தால் 1908, 09-இல் பதிப்பித்தார். ஹக்லூயிட் சங்கம் 1923-லும் 1932-லும் இரண்டு தொகுதியாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. இந்தியா இருப்பது இரண்டாம் தொகுதியில்.

இவ்வளவையும் சொன்ன பிறகு மச்சான் கேட்டான்: "எல்லாம் சரி மாமா. எரிமலைத் தீவுக்குப் போறோம், எரிமலையே இல்லாத மூலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களே? ஊருக்கு வந்து என்னன்னு சொல்றது?"

நியாயமான கேள்வி. மேற்கு ஃப்யோர்டுகளில் இப்போது உயிருள்ள எரிமலை கிடையாது. தீவின் நடுவில் இரண்டு நிலத்தட்டுகள் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் விலகுவதால், நடுவில் பிறந்த பாறை ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதனால் வடமேற்கு ஓரம்தான் ஆகப் பழையது, சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு. கிருஷ்ணகிரி குவாரியில் அறுத்து, பாலிஷ் போட்டு, கப்பலேற்றுகிற நம் கல்லுக்கு 250 கோடி ஆண்டு வயது. நம் கணக்கில் அது நேற்றுப் பிறந்த பிள்ளை. எரிமலை அணைந்த பிறகு பனி செதுக்கிய படிக்கட்டுமலைகள் அங்கே கடலிலிருந்து நேரே எழுகின்றன. எரிமலை பார்க்கணும் என்றால் அணைந்துபோனால் எப்படி இருக்கும் என்பதையும்தான் பார்க்கணும்.

அந்த மலைகள் ஆளைக் கொல்லவும் செய்யும், நெருப்பால் அல்ல. 1995 ஜனவரி 16 அதிகாலை அன்னக்குடாவின் சூதாவிக் கிராமத்தின் மேல் பனிச்சரிவு இறங்கியது. 14 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் எட்டு. பிறகு சரிவு எட்டாத இடத்தில் ஊரையே மாற்றிக் கட்டினார்கள். பழைய வீடுகளில் இப்போது கோடையில் மட்டும் தங்கலாம், குளிர்காலத்தில் தங்க அனுமதியில்லை. யோன் வாழ்ந்த எய்ரார்தாலூரில் நிற்கும் பழைய வீட்டில் துருவ நரி மையம் நடக்கிறது. ஐஸ்லாந்தில் மனிதன் வருவதற்கு முன்பே இருந்த ஒரே தரைப் பாலூட்டி அந்த நரி.

மச்சான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, பேரம் பேசினான். க்வெராகெர்தியில் நிலத்தடிச் சூட்டில் பசுமைக் குடில் போட்டுத் தக்காளியும் பூவும் வளர்க்கிறார்கள். அதற்கு ஒரு முழு நாள் வேண்டுமாம். நம்ம பாலி ஹவுஸில் வெயிலைக் குறைக்க வலை கட்டுகிறோம், அங்கே குளிருக்குப் பூமியே அடுப்பு, அதைப் பார்க்காமல் வந்தால் அவன் தொழிலுக்கே கேவலம். கொடுத்தாச்சு. மூன்று இட வட்டத்துக்கு ஒரு நாள், நண்பர்களுக்காக. லாகிக்காரருக்குத் தெற்கே நெடுஞ்சாலையிலிருந்தே பாசி மூடிய அந்தக் குழம்புக் காட்டைப் பார்க்க ஒரு நாள். மிச்சத்தில் இசாஃப்யோர்துருக்கு உள்நாட்டு விமானம், அங்கிருந்து சூதாவிக்குக் கார், இரண்டு இரவு. தரங்கம்பாடிக் கோட்டையின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன், கடல் பக்கத்திலிருந்து எடுத்தது. நரி மையத்தில் யாராவது வாங்கிக்கொண்டால் கொடுக்கலாம் என்று.