ஊதியமில்லா உபசாரம்: இங்கிலாந்தின் ஏல் விழாக்கள்

குடியைப் போற்றவோ தூற்றவோ இக்கட்டுரையை நாம் எழுதப் புகவில்லை. இங்கிலாந்தில் அழியும் தறுவாயில் இருந்த ஒரு பானத்தைச் சில சாதாரண மனிதர்கள் எப்படிக் காத்தார்கள் என்பதே நம் பேசுபொருள். அவர்கள் கையில் எடுத்த கருவிகளுள் முதன்மையானது விருந்தோம்பல். வருகிறவரை வாசலிலேயே வரவேற்று, கையில் ஒரு கண்ணாடிக் குவளையைத் தந்து, பருகிப் பார்த்தபின் தீர்ப்பை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

முதலில் அந்தப் பானத்தை அறிந்துகொள்வோம். முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றால் உருவாகும் பியர் வகைகளுள் ஒன்று ஏல். ஆலையிலிருந்து பீப்பாயில் அடைத்து அனுப்பப்பட்ட பிறகும் அதனுள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே அது இரண்டாம் முறை நொதிக்கும். இரவில் கரைத்துவைத்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. மதுச்சாலையின் நிலவறையில் வைத்துப் பக்குவம் பார்த்து, வெளியிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தாமல், கைப்பம்பினாலோ பீப்பாயில் பொருத்திய குழாயினாலோ இறக்கித் தருவதே மரபு.

1960களில் இம்மரபு ஆட்டம் கண்டது. வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்டை நீக்கி, உலோகக் கலனில் அடைத்து, வாயுவின் அழுத்தத்தால் வெளியே தள்ளப்படும் 'கெக்' பியர் பரவியது. அது நெடுந்தூரம் போகும்; நெடுநாள் கெடாது; நிலவறைக்காரரின் கைப்பக்குவமும் அதற்குத் தேவையில்லை. ஆல்லைட், பாஸ் சாரிங்டன், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில், வாட்னி மான், விட்பிரெட் ஆகிய ஆறு பெருநிறுவனங்கள் ஊரூராகச் சிற்றாலைகளை விலைக்கு வாங்கி மூடின. ஆயிரக்கணக்கான மதுச்சாலைகளும் அவற்றுக்கே உடைமையாக இருந்தபடியால், குடிப்பவர் எதைக் குடிக்க வேண்டுமென்பதை அந்நிறுவனங்களின் அலுவலகமே முடிவு செய்தது. வாட்னியின் 'ரெட் பேரல்' அக்காலத்தின் அடையாளமாயிற்று.

1971 மார்ச் மாதம் மைக்கேல் ஹார்ட்மன், கிரகாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் என்ற நான்கு இளைஞர்கள் விடுமுறைக்காக அயர்லாந்து சென்றனர். அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள டன்குவின் என்ற சிற்றூரில், குரூகர் மதுச்சாலையில் அமர்ந்து, ஏலுக்குப் புத்துயிர் தருவதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 1973இல் அதன் பெயர் 'கேம்பெயின் ஃபார் ரியல் ஏல்' என்று மாறியது. சுருக்கமாகக் கேம்ரா. நல்ல பியர் கிடைக்கும் இடங்களைத் தொகுத்து அவர்கள் வெளியிட்ட 1974ஆம் ஆண்டுக் கையேட்டில், வாட்னியின் சரக்கைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்ட ஒரு வரியை மாற்றி அச்சிட நேர்ந்தது என்பது சுவையான செய்தி.

ஆனால் எழுத்தினால் மட்டும் நாவை வென்றுவிட முடியாது. ஓர் ஊர்க்காரர் தம் தெருமுனை மதுச்சாலையில் கெக் பியரை மட்டுமே கண்டிருந்தால், இழந்தது எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்? இக்கேள்விக்கு விடையாகப் பிறந்தவையே ஏல் விழாக்கள். 1974இல் கேம்பிரிட்ஜ் நகரின் பழைய தானியச் சந்தைக் கூடத்தில் முதல் விழா நடந்தது. அடுத்த ஆண்டு, 1975 செப்டம்பரில், இலண்டனில் சந்தை இடம்பெயர்ந்து வெறுமையாகக் கிடந்த கவென்ட் கார்டன் கூடத்தில் கண்காட்சி கூட்டினர். ஏறத்தாழ 40,000 பேர் வந்து 150,000 பைன்ட் ஏலைப் பருகினர் என்பது பதிவு. ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். இத்தனையையும் ஊற்றித் தந்தவர்கள், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்த தன்னார்வலர்கள். இதன் தொடர்ச்சியாக 1977இல் அலெக்சாண்டிரா மாளிகையில் 'கிரேட் பிரிட்டிஷ் பியர் விழா' தொடங்கியது.

இவ்விழாவுக்குத் தன்னார்வலர்கள் ஏன் இன்றியமையாதவர்கள் என்பதைப் பானத்தின் இயல்பே சொல்கிறது. உயிருள்ள ஏலை லாரியிலிருந்து இறக்கியதும் ஊற்றிவிட முடியாது. 9 காலன், அதாவது 72 பைன்ட் கொள்ளும் 'ஃபர்கின்' பீப்பாய்களை மரத்தாலோ இரும்பாலோ ஆன தாங்கிகளில் கிடத்தி, அசையாதபடி ஆப்பு வைக்க வேண்டும். மேல்துளையில் மென்மரத்தாலான சிறு முளையைச் செருகினால் மிகுதியான வாயு மெல்ல வெளியேறும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, மிதக்கும் ஈஸ்டை அடியில் படியவைக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். வெப்பம் 12 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். குளிரூட்டும் வசதியில்லாத கூடங்களில் ஈரச் சாக்கைப் போர்த்திய காலமும் உண்டு. திறந்த பீப்பாய் மூன்று நாள் தாங்கினால் பெரிது. விருந்தினர் வாசலை அடையுமுன்பே உபசாரத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது.

வாசலில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு குவளை தருவார்கள். போகும்போது திருப்பித் தந்தால் பணம் திரும்பிவிடும். குவளையில் மூன்றிலொரு பங்கு, அரை, முழு பைன்ட் என்று கோடுகள் இருக்கும். மதுச்சாலைகளில் விளிம்புவரை நிறைந்தால்தான் முழு அளவு என்பதால் நுரைக்குரிய இடம் குடிப்பவருக்கு இழப்பு. விழாக் குவளையோ சற்றுப் பெரியது. நுரை கோட்டுக்கு மேலே நிற்கும். அளவில் நேர்மையும் வரவேற்பின் ஒரு பகுதி என்று அவர்கள் கருதினார்கள். புதியவர் என்ன கேட்பதென்று தெரியாமல் திகைத்து நின்றால், ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்து, எந்த ஊர்ச் சரக்கு, எப்படிச் சுவைக்கும் என்று விளக்குவார்கள். ஊற்றித் தருகிறவர் ஆசிரியராகவோ தபால்காரராகவோ இருக்கலாம். அவருக்குக் கிடைப்பது உணவு, கொஞ்சம் ஏல், ஒரு டி-ஷர்ட். மிஞ்சும் பணம் இயக்கத்துக்குப் போகும்.

சோதனைகளும் வந்தன. 1980 ஜூலையில் அலெக்சாண்டிரா மாளிகை தீக்கிரையானது. அவ்வாண்டு விழாவை வெளியே கூடாரமடித்து நடத்தினர். 1984இல் பர்மிங்காமின் பிங்லி கூடம் எரிந்ததால் விழாவே நடக்கவில்லை. 1989இல் வந்த அரசாணைகள், பெருநிறுவனங்களுக்குக் கட்டுப்பட்ட மதுச்சாலைக்காரர் பிற ஆலையின் ஏல் ஒன்றை வாங்கி விற்க வழி திறந்தன. ஆயினும் அதே ஆணைகளால் மதுச்சாலைகள் ஆலைகளின் பிடியிலிருந்து புதிய சொத்து நிறுவனங்களின் கைக்கு மாறின என்பதையும் சொல்லியாக வேண்டும். வெற்றி முழுமையானதன்று.

வரவேற்பு யாருக்கு என்ற கேள்வியும் எழாமலில்லை. பெண்களை இழிவுசெய்யும் பெயர்களும் படங்களும் பியர் உலகில் நெடுங்காலம் வேடிக்கையாகக் கருதப்பட்டன. 2019ஆம் ஆண்டுப் பெருவிழாவில் அத்தகைய பெயர் தாங்கிய பியர்களுக்கு இடமில்லை என்று கேம்ரா அறிவித்தது. கதவைத் திறந்துவைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பாதிப்பேரை முகஞ்சுளிக்கவைத்த ஒரு வழக்கம், இயக்கம் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே கேள்விக்குள்ளானது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், இயக்கத்தின் நோக்கத்தை எல்லா வகைப் பியர் குடிப்பவர்களுக்கும் விரிப்பதா என்று உறுப்பினர்கள் வாக்களித்தனர். 75 விழுக்காடு தேவைப்பட்ட தீர்மானம் 72.6 விழுக்காடு பெற்றுத் தோற்றது. காப்பாற்றவேண்டிய பொருளின் எல்லை எதுவென்ற அந்தத் தயக்கம், எந்த மரபைக் காக்கும் இயக்கத்துக்கும் நேர்வதே.

2020இல் பெருந்தொற்று கூடங்களை மூடியது. பிறகு கதவுகள் திறந்தபோது பல ஊர்களில் விழா திரும்பவில்லை. கூடங்களின் வாடகை ஏறியிருந்தது. பீப்பாய்களைத் தூக்கிய கைகளுக்கு வயதாகியிருந்தது. 2024இல் பெருவிழா நடைபெறவில்லை. 2025இல் அது இலண்டனைவிட்டுப் பர்மிங்காமுக்குப் போனது. ஏல் இனி அழியாது என்று சொல்லும் அளவுக்கு நாடெங்கும் புதிய சிற்றாலைகள் முளைத்துவிட்டன. விழாவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கெக் பியரை எதிர்த்து எழுந்த ஒரு முயற்சி, தெரியாதவரை நம்பி உள்ளே அழைத்து உட்காரவைக்கும் ஒரு பொதுவெளியை ஊர்தோறும் உண்டாக்கிவிட்டது. பானத்தை இனிக் கடைகளும் ஆலைகளும் பார்த்துக்கொள்ளும். அந்தப் பொதுவெளிக்கு விலை குறித்து விற்கவும் வாங்கவும் யாராலும் முடியாது. ஊதியமின்றி நிற்க ஆள் வரும்வரைதான் அது இருக்கும். கேம்பிரிட்ஜில் பழைய சந்தைக் கூடத்தைவிட்டு ஆற்றங்கரைத் திடலுக்கு வந்து நிற்கும் விழாக் கூடாரத்தில், பீப்பாய்களுக்கு ஆப்பு வைக்க அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் வருவார்கள் என்பதே இப்போது எஞ்சியிருக்கும் கேள்வி.