களப்பதிவு இசை

காடு, ஏரி, கடற்கரை, தெரு முதலிய இடங்களில் நேரில் பதிந்த ஒலிகளையே மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்படும் இசை. சினிமாப் பாட்டுக்குப் பின்னால் மழையோசை சேர்ப்பது இதில் சேராது. இங்கே மழைதான் பாட்டு.

பறவைக் குரல் பதிவுகளில் மிகப் பழையதாக அறியப்படுவது, 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற எட்டு வயதுச் சிறுவன் மெழுகு உருளையில் பிடித்தது. பாடியது நம் நாட்டுச் சோலைப்பாடி, கூண்டுக்குள்ளிருந்து. 1924இல் இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி 'ரோமின் பைன் மரங்கள்' படைப்பில் நைட்டிங்கேல் குரல் பதிந்த இசைத்தட்டை வாத்தியங்களோடு ஒலிக்கவிட்டார். பதிவொலி மட்டுமே இசையாக நின்ற பெயர்பெற்ற படைப்பு 1948இல் வந்தது: பாரிஸ் ரயில் நிலையமொன்றின் சத்தங்களைக் கொண்டு பியேர் ஷெஃபேர் அமைத்த ரயில் ஆய்வு. கேட்பவர் ரயிலை மறந்து ஒலியை மட்டும் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. கனடாவின் மரே ஷேஃபர் அதற்கு நேர் எதிர். இடம் மறக்கப்படவே கூடாது என்றார். பெயர் ஒற்றுமை மாணவர்களைக் குழப்புவது வாடிக்கை.

இரண்டாம் கட்சியில் வந்தவர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப். வான்கூவர் கடற்கரையில் அமைத்த 1989ஆம் ஆண்டுப் படைப்பில், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளின் மெல்லிய சொடுக்கொலியைக் கேட்க நகர இரைச்சலைத் தாம் வடிகட்டுவதை அவரே பேசிக் காட்டுகிறார். அந்த நேர்மைதான் படைப்பின் உயிர். இந்தியாவில் புதாதித்ய சட்டோபாத்யாய், வங்காள-ஜார்க்கண்ட் எல்லையின் தும்பனி வட்டாரம் தொழிற்சாலைகளால் மாறியதைப் பதிந்தார் (2008). 2013இல் பெங்களூருக்கு ஒலியால் ஓர் இரங்கற்பா செய்தார்.

தாம்பரம் வட்டாரத்தில் இக்கலைக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுமார் 1,247 ஹெக்டேர். அதன் விளிம்பிலேயே பெருங்குடி குப்பைக்கிடங்கு. ஆட்காட்டியின் கீச்சுக் குரலோடு குப்பை லாரியும், மீனம்பாக்கத்து விமானமும் மைக்கில் ஏறாமல் இரா. ஆட்காட்டியாவது தப்பிக்கும்: அதன் குரல் உயர்ந்தது, லாரியின் உறுமல் தாழ்ந்தது, இரண்டையும் பிரித்துவிடலாம். வான்கூவரில் கொட்டலசுகளைப் பிரிக்க முடிந்ததும் இதனால்தான். நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரியில் வாழும் கொம்பன் ஆந்தைக்கு அந்த வசதி இல்லை. அதன் முழக்கமே தாழ்ந்த ஒலி. சாலை இரைச்சலை வடிகட்டப் போனால் ஆந்தையும் கூடவே மெலியும். ஆகவே இங்கே பதிபவர் விடியலுக்கு முன் போக வேண்டும், அல்லது சாலையையும் இசைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதே இந்த ஊருக்குப் பொருத்தம்.

ஷெஃபேரின் ஆய்வு ரயிலில் தொடங்கியதை நினைத்தால், 1931இலேயே கடற்கரை நிலையத்திலிருந்து மின்ரயில் கண்ட தாம்பரத்தில் அதைத் தவிர்க்கவும் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை இரவில் தவளைக் கூச்சலுக்கு நடுவே கடைசி வண்டி போவதைப் பதிய இன்றும் முடியும். பழைய மீட்டர் கேஜ் வண்டியின் தடதடப்பை முடியாது. 2004இல் அது நின்றது. எவர் வீட்டுப் பரணிலாவது கேசட் கிடந்தால்தான் உண்டு.