கூளையனுக்குத் தெரிந்ததும் செல்வனுக்குத் தெரியாததும்



கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. நமது மேட்டுக்காடுகளுக்கு அது மெல்லத்தான் வந்து சேர்ந்தது. என் அப்பா சிறுவயதில் பண்ணையத்தில் ஆடு மேய்த்தவர். பண்ணையக்காரரின் செருமலைக் கேட்டே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவாராம்.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் வாழ்க்கையை நாவலாக்கியது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000இல் வெளியானது, பின்னர் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போனது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். பண்ணையக்காரரின் மகன் செல்வன். இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஆனால் ஒருவன் பள்ளிக்குப் போகிறான், மற்றவன் ஆட்டுப்பட்டிக்குப் போகிறான்.

வளரும் பருவத்து நாவல் என்றால், பிறர் கண்ணால் உலகைப் பார்க்கக் கற்பது என்று வகுப்பறையில் சொல்லித்தருகிறார்கள். யார் கற்க வேண்டும் என்பதே என் கேள்வி. செல்வனின் முகம் கோணுவதைக் கூளையன் முன்பே அறிந்தாக வேண்டும். அடிக்குத் தப்ப அது தேவை. கூளையனின் மனம் தெரியாமலே செல்வன் வளர்ந்துவிடலாம், அவனுக்கு நட்டமில்லை. நட்பு இருந்தும் இந்தக் கோணல் நிமிரவில்லை.

கவுண்டர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கூளையன் பக்கம் நின்று எழுதியதை மதிக்கிறேன். கற்க வேண்டிய இடத்திலிருந்து ஒருவர் கற்க முயன்றார். அதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. கூளையன் தன் கையால் எழுதினால் செல்வனைப் பற்றி என்ன எழுதுவான்? அதை எழுத வேண்டியவர்கள் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.