இடைநீக்கமும் முறைமையும்: 1972ஆம் ஆண்டு நிகழ்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

கட்சியொன்று தன் உறுப்பினரை ஒறுக்கும் உரிமை உடையது என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமை முறையாகச் செலுத்தப்பட்டதா என்பதே வரலாற்றாசிரியர் ஆராயத்தக்கது. இடைநீக்கமும் நீக்கமும் ஒன்றல்ல. முன்னது விசாரணை முடியுங்காறும் உறுப்பினரை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. பின்னது தீர்ப்பின் விளைவு. இவ்வேறுபாட்டையே உரைகல்லாகக் கொண்டு 1972ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவோம்.

அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள், தி.மு.க.வின் பொருளாளராக விளங்கிய எம்.ஜி.ஆர்., கட்சிப் பொறுப்பாளர்கள் தம் சொத்துக்கணக்கைக் காட்டுதல் வேண்டுமெனத் திருக்கழுக்குன்றத்தில் பேசினார். 10ஆம் நாள் தற்காலிகமாக நீக்கப்பட்டார். 14ஆம் நாள் பொதுக்குழு அந்நீக்கத்தை நிலையாக்கிற்று. 17ஆம் நாள் அ.தி.மு.க. தோன்றிற்று.

உட்கட்சிக் குறையைக் கட்சி அவையில் எழுப்பாது பொதுமேடையில் எழுப்பியமை ஒழுங்குமீறல் என்பது தலைமையின் வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இடைநீக்கத்திற்கும் நீக்கத்திற்கும் இடையே நின்றவை நான்கே நாள்கள். குற்றத்தை வகுத்துரைத்து, மறுமொழி பெற்று, அதனை நடுநின்று ஆராய இக்கால அளவு சாலுமா? அன்றியும், கணக்குக் கேட்கப்பட்டோரே தீர்ப்பளிப்போருள்ளும் இருந்தனர்.

ஈண்டு முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) நினைவிற்கு வருகின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என அவை விதிக்கின்றன. ஊர்ச்சபையும் கட்சியும் ஒன்றல்ல. எனினும், ஒருவரை விலக்குதற்குரிய காரணம் ஆள்நோக்காது முன்னரே வகுக்கப்பட்டு, யாவரும் அறியக் கல்லிற் பொறிக்கப்பட்டமை கருதத்தக்கது.

இந்நிகழ்ச்சியின் எதிரொலி கொங்குநாட்டிலும் கேட்டது. கணபதி முதலிய ஆலைப் பகுதிகள் சூழ்ந்த கோவையில் 1974ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. கோவை மேற்குச் சட்டமன்றத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது, நாடாளுமன்றத் தொகுதியில் அதன் துணைபெற்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வென்றார். இவ்வெற்றிகளைக் கொண்டே நீக்கம் முறையற்றதெனத் துணிவார் உளர். அது பொருந்தாது. வாக்காளர் தீர்ப்பு ஒருவர்தம் செல்வாக்கைக் காட்டும். விசாரணையின் நேர்மையைக் காட்டாது. எம்.ஜி.ஆர். தோற்றிருப்பினும் அந்நான்கு நாள்கள் நான்கு நாள்களே.

1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திற் சேர்ந்த 29அ பிரிவு, பதிவு வேண்டும் கட்சிகள் மக்களாட்சி நெறிக்கு உறுதி கூறுதல் வேண்டுமென்கிறது. இடைநீக்கம் செய்யும் முறையை வகுத்திலது. ஆதலின் அம்முறையைக் காக்கும் பொறுப்பு கட்சி விதிகளையே சார்ந்தது. செல்வாக்குடையார் நீக்கப்பட்டால் புதுக்கட்சி காண்பர். செல்வாக்கற்ற எளிய உறுப்பினர்க்கோ முறையான விசாரணையன்றி வேறு புகலில்லை. முறைமை அவர்பொருட்டே வேண்டப்படுவதென்பது நம் துணிபு.