கறுப்புக் காரின் கீறலும் பெங்களூருவின் தண்ணீரும்

சென்ற ஞாயிறன்று எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு விசாரணை நடந்தது. கறுப்புக் கார் ஒன்றின் முன்மூடியில் கைப்பேசி விளக்கைப் பாய்ச்சி, சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்களை உரிமையாளர் காட்டிக்கொண்டிருந்தார். நாள்தோறும் விடியலில் கார்களைத் துடைக்க வரும் தொழிலாளி எதிரே நின்றார். வட்டம் வட்டமாகத் தேய்த்ததற்கு இதுவே சான்று என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. அம்மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. பின்னர் அவர் என்னிடம் தமிழில் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒரு வாளித் தண்ணியில பதினோரு வண்டி தொடைக்கணும், தம்பி."

அந்தத் தீர்ப்பின் சான்றையே முதலில் ஆராய வேண்டும். மெருகிட்ட பரப்பில் நுண்கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிமூலத்தைச் சுற்றி வட்டப்போக்கில் அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் உடன் நகரும். நேர்கோட்டில் துடைத்த காரிலும் பல திசைக் கீறல்கள் சேர்ந்தால் வட்டமே தெரியும். ஆகவே வட்டம் கையின் தடமன்று, ஒளியின் விளைவு. கறுப்பு நிறம் அதிகம் கீறுபடுவதுமில்லை. வெள்ளைப் பரப்பு தானே நிறைய ஒளியைத் திருப்புவதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. கறுப்பு ஒளியை விழுங்குவதால் கீறல் மட்டும் தனித்து மின்னுகிறது.

கறுப்புப் பூச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. கீழை நாடுகளின் அரக்குப் பூச்சைப் பார்த்து ஐரோப்பியர் செய்துகொண்ட கறுப்பு மெருகுக்கு 'ஜப்பான்' என்றே பெயர். அதன் வழிவந்த, சூளையில் சுட்டு இறுக்கும் கறுப்பு எனாமல்தான் 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி கார்களுக்கு ஒரே நிறமாக இருந்தது. 1924ஆம் ஆண்டு மாடலான ஓக்லாண்ட் கார்களில் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' பூச்சு வந்தபோது, வாரக்கணக்கில் நீண்ட பூச்சு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது, நிறங்களும் பெருகின. 1980களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு இடும் முறை பரவியது. இன்று நாம் 'பெயிண்டில் கீறல்' என்பது பெரும்பாலும் இந்த மேற்பூச்சில் விழுவதே. அதன் தடிமன் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது.

துடைக்கும் துணியும் மாறியே வந்துள்ளது. ஆல்ப்ஸ் மலை ஆட்டினம் ஒன்றன் பெயரால் வழங்கும் ஷாமி தோல், குதிரைவண்டிக் காலத்திலிருந்து காருக்கு வந்தது. பிற்காலத்தில் அது பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலே. தோல் நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதன் பரப்பு தட்டையானது. இடையில் சிக்கிய மணல் ஒதுங்க இடமின்றிப் பூச்சின் மீதே இழுபடும். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ மிகநுண்ணிய இழைகளிலிருந்து செயற்கை மென்தோலை உருவாக்கினார். அத்தகைய இழைத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியே இன்றைய மைக்ரோஃபைபர் துண்டு. அதன் அடர்ந்த இழைகள் நீரை உறிஞ்சுவதோடு துகளையும் தமக்குள் வாங்கிக்கொள்கின்றன. எனினும் துகள் நிறைந்துவிட்டால் அதுவும் உப்புத்தாளே.

அத்துகள் எது? லால்பாக் குன்றில் நாம் ஏறி நிற்கும் நைஸ் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழமையானது. அவ்வகைப் பாறைகளை உடைத்தே இந்நகரின் கட்டுமானத்துக்கு எம்-சாண்ட் செய்கிறார்கள். அதிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவையில் 7. கண்ணாடியையே கீறும் அத்துகளுக்குக் கிளியர் கோட் எம்மாத்திரம்? அதனைத் துணி படுமுன் அகற்றவல்லது ஓடும் நீர் ஒன்றே.

இங்குதான் பெங்களூருவின் வரலாறு குறுக்கிடுகிறது. 1896இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி என அர்க்காவதியின் நீரைக் கொண்டு வளர்ந்த நகரம், 1974 முதல் காவிரியை நம்பியிருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு அந்நீரை ஏற்ற வேண்டும். 2024 மார்ச் மாத வறட்சியில், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. சில நாள்களிலேயே 22 குடும்பங்களிடம் 1.1 லட்சம் ரூபாய் வசூலானது. அந்த ஆணை நியாயமானதே. ஆனால் அதன் பின்விளைவைக் கவனிக்க வேண்டும். காவிரி விலகிய இடத்தில் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் வந்தது. அது தானாக உலர்ந்தால் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கறுப்புப் பரப்பில் வெண்புள்ளிகளாகப் படியும். எனவே உடனே துடைத்தாக வேண்டும். நீரோ ஒரு வாளிதான். நீர் செய்ய வேண்டிய வேலை முழுவதும் துணியின் மேல் விழுந்தது. துணியின் மேல் விழுந்தது கையின் மேல் விழுந்தது.

மொழியியல் மாணவனுக்கு இதில் ஒரு குறிப்பும் உண்டு. துடைப்பதைக் கன்னடம் 'ஒரசு' என்கிறது. தமிழின் 'உரசு' அதன் உடன்பிறப்பு. நாம் பொன்னை உரைக்கும் உரைகல்லும் அவ்வேரினதே. துடைத்தலும் உராய்தலும் ஒரே வேரில் கிளைத்தவை. கறுப்புக் காருக்கு வேண்டிய வினையோ வேறு: ஒற்றுதல். புண்ணுக்கு ஒத்தடம் தருகிறோம், மையை ஒற்றுத்தாளால் எடுக்கிறோம், பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அழுத்தமின்றி வைத்து எடுப்பதே ஒற்றுதல். செய்முறையும் அதுவே. நிழலில், சூடு தணிந்த காரின் தூசியை முதலில் நீரால் இறக்க வேண்டும். கடைசி நீரை மெல்லிய தாரையாக மேலிருந்து வழியவிட்டால் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். எஞ்சியதன் மேல் தூய, தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, ஒற்றி எடுக்க வேண்டும். தரையில் விழுந்த துண்டை அன்று மீண்டும் பயன்படுத்தலாகாது. உலர்ந்த தூசியை எந்தத் துணியாலும் துடைக்கலாகாது.

இவ்வளவுக்கும் வேண்டியவை நீர், துண்டுகள், நேரம். சுத்திகரித்த கழிவுநீரோ சேமித்த மழைநீரோ கூடுதலாக இரண்டு வாளி, வாரம் இருமுறை மட்டும் துடைப்பு, காருக்கொரு துண்டு: இதைத்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுத்தில் வைத்திருக்கிறேன். பிடித்த சம்பளத்தைத் திருப்பித்தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. அவருடைய வாளியில் நீர் எவ்வளவு என்பதை முடிவு செய்தவர்கள் நாம். கீறலின் கணக்கை அவர் பெயரில் எழுதுவது வரலாற்றுப் பிழை.