சேர்வர் அறைக்கு யாரை எடுப்பது? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

பரீட்சை முடிவுகள் இணையத்தில் ஏறவேண்டிய நாள். பல்கலைக்கழகத்தின் சேர்வர் படுத்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? விரிவுரையாளரையா, பதிவாளர் கந்தோரில் இருக்கும் முகாமைத்துவ உதவியாளரையா? ரெண்டு பேராலும் ஏலாது. மூன்றாவதாக ஒரு ஆள் வேணும். அந்த மூன்றாவது ஆளை எங்கள் பல்கலைக்கழகங்கள் எப்படித் தேடுகின்றன, அந்தத் தேடல் ஏன் இன்னமும் பழைய பாதையிலேயே போகிறது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

திருகோணமலையை வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கு. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அதற்கு மிகவும் முன்னரே, கைவேலை தெரிந்த ஆட்களை நம்பி ஓடிய துறைமுகம் இந்த ஊரில் இருந்தது.

துறைமுகத்தின் கணக்கு

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்த துறைமுகம் இது. பிறகு பிரித்தானியக் கடற்படையின் தளமானது. சீனன்குடாவில் 1930களில் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடமும் இதுதான். இப்படியான ஒரு தளத்தில் கப்பல் பழுதுபார்ப்பதற்கு ஃபிட்டர், டேர்னர், வெல்டர், மின்வேலையாள் என்று எத்தனையோ பேர் வேணும்.

பிரித்தானியாவில் இருந்த தன் கப்பல் தளங்களுக்கு அந்தக் கடற்படை 1843 முதலே பயிலுநர் பாடசாலைகளை வைத்திருந்தது. பகலில் பட்டறை வேலை, அதோடு கணக்கும் வரைபடமும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் வெளியிலிருந்து வந்து சேருவார் என்று காத்திராமல், இளம் பெடியன்களை எடுத்துத் தானே உருவாக்கியது. பட்டறைக்காரருக்கு இது இன்றைக்கும் தெரிந்த விஷயம்தான். கையில் அரத்தைக் கொடுத்து, 'இந்த இரும்பைச் சதுரமாக்கு பாப்பம்' என்றால் ஒருவருடைய தரம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

அதைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது காலனித்துவ ராணுவத் தளம். மேலே இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஆனாலும் ஆளின் திறமையை வேலையைக் கொடுத்துத்தான் அளக்கவேணும் என்ற பட்டறை அறிவு பல்கலைக்கழகம் வரைக்கும் வந்து சேரவில்லை.

1978இன் ரெண்டு பெட்டிகள்

இன்றைய அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு பதவிக்கும் ஆட்சேர்ப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சுற்றறிக்கையாக அனுப்பும். நியமனத்தைப் பல்கலைக்கழகத்தின் பேரவை செய்யும். புதுப் பதவி ஒன்றை உருவாக்குவதென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஓம் என்று சொல்லவேணும். ஊழியர்கள் பெரும்பாலும் ரெண்டு பெட்டிக்குள் அடங்குவார்கள்: கல்விசார், கல்விசாரா. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் சேர்வர் அறை என்றொரு இடம் எந்த வளாகத்திலும் இல்லை.

'ஏன் இவ்வளவு இறுக்கம்?' என்று கேட்டு இந்த விதிகளைக் கேலி செய்வது சுகம். ஆனால் அதே காலத்து வரலாற்றையும் பாருங்கோ. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு 'தொழில் வங்கி' என்ற திட்டம் வந்தது. அரச வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் கையால் பகிரப்பட்டன. எம்பியைத் தெரிந்தவருக்குப் படிவம், தெரியாதவருக்கு ஏமாற்றம். அப்படியான நாட்டில் 'சான்றிதழைக் காட்டு' என்ற விதி சும்மா வந்த தொல்லை இல்லை. செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கவசம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்ந்து, எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லாத திருகோணமலையில் அந்தக் கவசத்தின் பெறுமதி இன்னும் கூட. ஆகவே எங்களுடைய கேள்வி விதியைத் தூக்கி எறிவது பற்றியதில்லை. கவசத்தை வைத்துக்கொண்டே எதை அளப்பது என்பதுதான்.

வேலை வந்தது, பதவி வரவில்லை

இலங்கையின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலோடு ஆரம்பித்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர்கள் அதில் முன்னுக்கு நின்றார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் 1987இல் தொடங்கி, 2002இல் கணினிக் கற்கைகளுக்கான தனி நிறுவனமாக வளர்ந்தது. ஆர்வமுள்ள கல்விமான்கள் படிப்பித்த நேரம் போக மிச்ச நேரத்தில் வயரும் இழுத்தார்கள். அது பெருமைக்குரிய கதை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது விரிவுரையாளரின் 'உபரி வேலை' ஆகிவிட்டதால், அதற்கென்று முழுநேரப் பதவி வேணும் என்ற அவசரம் மேலே இருந்தவர்களுக்கு வரவில்லை.

பதவிப் பெயர்களே இதைச் சொல்லும். எங்கள் பல்கலைக்கழகங்களில் 'புரோகிராமர் கம் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' என்றொரு பதவி உண்டு. நிரல் எழுதுவதும் முறைமையை ஆராய்வதும் ஒரே ஆளின் வேலையாக இருந்த காலத்துப் பெயர் அது. இன்றைய வேலை வலையமைப்பு, தரவுப் பாதுகாப்பு, கிளவுட், இணையவழிக் கற்றல் தளம் என்று நாலாகப் பிரிந்துவிட்டது.

திருகோணமலைக்கு இதற்கு மேலும் சுமை இருந்தது. இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக 1993இல் தொடங்கியது 2001இல் வளாகமானது. இடையில் போர். 2004இல் சுனாமி. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரைக் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு படித்த பிள்ளையை ஊரிலேயே வேலைக்கு வைத்திருக்க எந்த வீட்டுக்குத் துணிவு வரும்? வெளியூர்க்காரர் வரப் பயந்தார்கள், உள்ளூர்க்காரர் போகத் துடித்தார்கள்.

2020இல் கொவிட் வந்து வளாகங்கள் பூட்டியபோது நாடு முழுக்க விரிவுரைகள் லேர்ன் வழியாக ஸூமுக்கு மாறின. பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போக மாணவர்களுக்கு டேட்டா இலவசமாகக் கிடைத்தது. ஒரே வாரத்தில் சேர்வர் அறைதான் முழுப் பல்கலைக்கழகமும் என்றாகியது. 2022இல் பொருளாதாரம் சரிந்ததும், அந்த வேலை தெரிந்தவர்களுக்கு முதலில் திறந்தது வெளிநாட்டுக் கதவுதான்.

கடுதாசியின் சண்டை

ஆட்களே இல்லையா? இருக்கிறார்கள். இலங்கையில் தேசிய தொழில் தகைமைக்கு ஏழு படிகள் உண்டு. 1995இன் சட்டத்தால் உருவான உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளை திருகோணமலையிலும் இருக்கு. உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் டிப்ளோமாவையும் பட்டத்தையும் தொழில் தகைமையையும் ஒரே ஏணியில் வைத்துக் காட்டுகிறது. ஏணி கடுதாசியில் இருக்கு. ஏறவிடுவார்களா என்பதுதான் சண்டை. உயர் தேசிய டிப்ளோமாவுக்கு உரிய அந்தஸ்துக் கேட்டு 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் போன கணக்கியல் மாணவர்களைப் பொலிஸ் தடியால் அடித்தது. அவர்களுக்கு அது வெறும் கடுதாசிப் பிரச்சினையாக இருக்கவில்லை.

வெளியுலக அனுபவமும் எச்சரிக்கையோடுதான் வருகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2022 மார்ச்சில் ஆயிரக்கணக்கான அரச வேலைகளுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்றது. அவற்றில் தகவல் தொழில்நுட்ப வேலைகளும் அடக்கம். ஆனால் இப்படி அறிவித்த அமெரிக்க நிறுவனங்களை ஹாவார்டு ஆய்வாளர்கள் பார்த்து 2024இல் எழுதிய அறிக்கை, நடந்த நியமனங்களில் 700க்கு ஒன்றுகூட இந்த மாற்றத்தால் வரவில்லை என்றது. விளம்பரத்தில் ஒரு வரியை வெட்டினால் மட்டும் போதாது. நேர்முகத்தேர்வில் இருப்பவர்கள் எதை அளக்கிறார்கள் என்பது மாறவேணும்.

ஆகவே நாங்கள் கேட்பது நாலு விஷயம். ஒன்று, தொழில் தகைமையும் உயர் டிப்ளோமாவும் தகைமைகள் சட்டகத்தில் எந்தப் படியில் இருக்கின்றனவோ, ஆட்சேர்ப்புத் திட்டத்திலும் அதே படியில் இருக்கவேணும். ரெண்டு, செய்முறைத் தேர்வு. பழுதாக்கி வைத்த ஒரு வலையமைப்பைக் கொடுத்து மூன்று மணித்தியாலத்தில் சரிசெய்யச் சொல்லுங்கோ. பெயருக்குப் பதிலாக இலக்கம், புள்ளித்திட்டம் முன்கூட்டியே பகிரங்கம். எம்பியின் துண்டு நுழையாத கதவு அது. மூன்று, மொழிக்கும் புள்ளி. தமிழிலும் சிங்களத்திலும் மாணவருக்கு விளங்கப்படுத்தத் தெரிவது இந்த வேலையில் பாதி. நாலு, உள்ளே வந்தவருக்குப் பயிற்சியும் மேலே ஏறும் வழியும். இல்லாவிட்டால் ரெண்டு வருஷத்தில் கொழும்பு, அடுத்தது மெல்பேர்ன்.

மூதூரில் டிப்ளோமா முடித்த ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஊரில் இணையம் அறுந்தால் எல்லாரும் அவளிடம்தான் ஓடுவார்கள். வளாகத்தின் விளம்பரம் வந்தால் தகைமைப் பத்தியை வாசித்துவிட்டு அவள் பத்திரிகையை மடித்துவைப்பாள். மூன்று மணித்தியாலத் தேர்வு ஒன்று இருந்தால், காலையில் முதல் பஸ்ஸில் ஏறுவாள்.