ஒரு நோயும் ஓர் எளிய உபாயமும்

இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பேரரான அகஸ்ரஸ் டெஸ்ரே, 1822 டிசெம்பரில் தம் கண்பார்வை திடீரென மங்கியதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பின்னர் கால்கள் தளர்ந்தன. சிறுநீர் கழிப்பதிலும் இடர் உண்டாயிற்று. 1848 இல் அவர் இறக்கும்வரை அந்நோய்க்குப் பெயர் கூறவல்ல வைத்தியர் எவரும் இருந்திலர். 1868 இல் பாரிஸ் நகரத்துச் சார்க்கோ அதனைத் தெளிவாக வரையறுத்தார். மல்ற்றிப்பிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படுவது அதுவே.

மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் உறை இந்நோயினாற் சிதைகின்றது. முண்ணாணிற் சிதைவு நேரின், மூளையின் கட்டளை சலப்பையைச் செவ்வனே சென்றடைவதில்லை. சலப்பை வேளையறியாது சுருங்கும். அன்றேல், முற்றாக வெறுமையாகாது நீரைத் தேக்கிக்கொள்ளும். தேங்கிய நீரிற் கிருமி பெருகும், சிறுநீரகமும் பழுதுறக்கூடும். வெட்கத்தால் இதனை வைத்தியரிடமும் மறைத்தோர் பலர். நீர் அருந்துவதைக் குறைத்துத் துன்பத்தைப் பெருக்கிக்கொண்டோரும் உளர்.

சலப்பையினுள் குழாயொன்றை நிலையாக இருத்திவைப்பதே நெடுங்காலம் பெருவழக்காயிருந்தது. அக்குழாயே கிருமிக்கு வாயிலுமாயிற்று. 1944 இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் நோயாளர் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குற்மன், வேளைக்கு வேளை குழாயைச் செலுத்தி, நீரை அகற்றியதும் எடுத்துவிடும் முறையைக் கையாண்டார். ஆயின், ஒவ்வொரு முறையும் யாவும் தொற்றுநீக்கப்படல் வேண்டும். வீட்டில் வாழ்பவர்க்கு அஃது எளிதன்று.

இத்தடையை நீக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜக் லப்பிடிஸ். கிருமி புகுவதைவிட, நிறைந்து விம்மிய சலப்பையின் சுவரில் இரத்தவோட்டம் குன்றுவதே தொற்றுக்குப் பெருங்காரணம் என அவர் கருதினார். ஆதலின், கையையும் குழாயையும் கழுவி, நோயாளியே சில மணித்தியாலங்களுக்கொருமுறை நீரை அகற்றினாற் போதும் என்றார். இம்முறையை அவர் முதலிற் கற்பித்தது மல்ற்றிப்பிள் ஸ்கிளிரோசிஸ் உற்ற ஒரு பெண்ணுக்கு. 1972 இல் அவர் கட்டுரை வெளியானபோது ஐயுற்றோர் பலர். அனுபவமோ அவர் பக்கமே நின்றது.

சலப்பைத் தசையின் மிகைச் சுருக்கத்தைத் தணிக்கும் பொட்டுலினம் ஊசி, 2011 இல் அமெரிக்காவில் இந்நோயாளருக்கு அனுமதிக்கப்பட்டது. அவ்வூசியைப் பெறுவோருட் சிலர்க்கும் லப்பிடிஸ் காட்டிய முறையே துணையாகின்றது.

நோயை அவர் மாற்றினாரல்லர். வைத்தியர் கையிலிருந்த கருவியை நோயாளியின் கையிற் கொடுத்தார். வீட்டு வாயிலைத் தாண்ட அஞ்சியிருந்தவர் வெளியே செல்லும் துணிவைப் பெற்றது அதனாலேயாம்.